முட்டி மடங்குறத போன் அளந்து சொல்லுமா?

முட்டி மாத்துற ஆபரேஷன் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும், ஆனா அந்த புது முட்டிய வேலை செய்ய வெக்கிறது மாசக்கணக்குல வீட்ல நடக்குற வேலை, அதப்பத்தி தான் யாரும் பெருசா பேசறதில்ல. ஆஸ்பத்திரில இருக்குற வரைக்கும் பிசியோ வந்து காலைல சாயந்தரம்னு பண்ண வெப்பாங்க, டிஸ்சார்ஜ் ஆகும்போது படம் போட்ட ஒரு பேப்பர் கைல குடுப்பாங்க, அவ்ளோதான், அதுக்கப்புறம் அந்த பேப்பரும் நோயாளியும் மட்டும் தான். வேலூர் டவுன்ல இருக்கவங்களுக்காவது பரவால்ல, ஒரு ஆட்டோ புடிச்சா பிசியோ கிட்ட போயிட்டு வந்துடலாம். குடியாத்தம், பேர்ணாம்பட்டு, ஒடுகத்தூர், ஜவ்வாது மலை மேல இருக்குற ஊருங்க, அங்கெல்லாம் இருந்து தையல் போட்ட காலோட வாரத்துக்கு மூணு தடவ பஸ் ஏறி எறங்கி வர சொன்னா யாரால முடியும். கூட ஒருத்தர் வேலைய விட்டுட்டு வரணும், அவங்களுக்கு அன்னிக்கு கூலி போச்சு.

அதனால தான் வீட்லயே போன் கேமரா பாத்து எக்சர்சைஸ் சொல்லிக்குடுக்குற விஷயத்துல எனக்கு இவ்ளோ ஆர்வம். நான் காட்பாடில ஒரு கம்பெனில சாப்ட்வேர் வேலை பாக்குறேன், வேலை முடிஞ்ச நேரத்துல இத தான் நோண்டிட்டு இருக்கேன், காரணம் எங்க பெரிம்மா. குடியாத்தத்துல வருஷக்கணக்கா மடில முறத்த வெச்சிட்டு தரைல உக்காந்து பீடி சுத்தினவங்க, ரெண்டு முட்டியும் தேஞ்சு போய் வலது முட்டி மட்டும் மாத்தியாச்சு. ஒரு மனுஷன் அசையறத மெஷின் எப்படி அளக்குது, அந்த அளவு எங்க சரி எங்க தப்பு, அத வெச்சு ஒரு நோயாளிக்கு என்ன சொல்லலாம் என்ன சொல்லக்கூடாதுன்னு எனக்கு புரிஞ்சத எழுதறேன். முதல்லயே என் முடிவ சொல்லிடறேன், சரியா தெரியாதப்போ வாய மூடிட்டு இருக்க தெரிஞ்ச மெஷின் தான் நல்ல மெஷின். தப்பா திருத்துறது திருத்தாம விடறத விட மோசம், அதுவும் ஆபரேஷன் ஆன கால்ல.

முதல்ல பிசியோ எப்படி அளக்குறாங்கன்னு பாத்துடலாம். கோனியாமீட்டர்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க, ரெண்டு பிளாஸ்டிக் ஸ்கேல நடுவுல ஒரு ஆணி போட்டு சேத்தது, நடுவுல டிகிரி வட்டம் இருக்கும். இடுப்பு ஓரத்துல தொட்டா தட்டுப்படுற எலும்பு, முட்டியோட வெளிப்பக்க எலும்பு, கணுக்கால் வெளிப்பக்கம் துருத்திட்டு இருக்குற எலும்பு, இந்த மூணையும் விரலால தடவி கண்டுபுடிச்சு, நடு ஆணிய முட்டில வெச்சு ஒரு கைய தொடை பக்கம் ஒரு கைய கணுக்கால் பக்கம் காட்டி படிப்பாங்க. கால் நேரா இருந்தா பூஜ்யம், மடக்க மடக்க ஏறும். தட்டையா நடக்க 60, 65 டிகிரி மடங்கினா போதும், மாடிப்படி ஏற அதுக்கு மேல வேணும், நாற்காலில இருந்து கை ஊணாம எழுந்துக்க 90, 100 பக்கம் வேணும், குத்துக்கால் போட்டு உக்காரணும்னா 130க்கு மேல. நம்ம ஊர் வாழ்க்கையே தரைல இருக்குறதால எல்லாரும் மடங்குறத பத்தியே கேப்பாங்க, "எவ்ளோ மடங்குது, எவ்ளோ மடங்குது"ன்னு. பிசியோ கவலப்படுறது இன்னொண்ணுக்கு, முழுசா நீட்ட வருதான்னு. அஞ்சு பத்து டிகிரி நீட்ட வராம நின்னுட்டா நடைல ஒரு நொண்டல் தங்கிடும், முன்தொடை சதை நாள் பூரா இழுத்து புடிச்சிட்டே இருக்கணும், சீக்கிரம் அசந்து போவாங்க. கட்டில்ல படுத்து பிசியோ கையால அழுத்தினா நேரா வருது, ஆனா தானா தூக்கும்போது கடைசி அஞ்சு டிகிரி வரலன்னா அது வேற பிரச்சனை, மூட்டுல இல்ல, சதைக்கு பலம் பத்தல. இந்த ரெண்டையும் ஒரே நம்பரா காட்டுற ஆப் எந்த பிசியோக்கும் உதவாது.

அனுபவம் இருக்குற ரெண்டு பிசியோ ஒரே கால அளந்தாலும் நாலஞ்சு டிகிரி வித்தியாசம் வரும். இத ஞாபகம் வெச்சுக்கோங்க, மெஷின் 87.4ன்னு புள்ளி வெச்சு காட்டினா அந்த புள்ளிக்கு பின்னாடி இருக்குறத நம்பாதீங்க.

இந்த வேலைய வேலூர்ல இருந்து பாக்குறதுல எனக்கு தனி பெருமை இருக்கு, ஏன்னா ஆபரேஷனுக்கு அப்புறம் நடக்குற பயிற்சி எவ்ளோ முக்கியம்னு இந்த மண்ணுக்கு ரொம்ப நாளாவே தெரியும். 1940-கள் கடைசில இங்க இருக்குற சிஎம்சி ஆஸ்பத்திரில பால் பிராண்ட்னு ஒரு டாக்டர் தொழுநோயால மடங்கிப்போன கைகளுக்கு தசைநார மாத்தி வெச்சு ஆபரேஷன் பண்ண ஆரம்பிச்சாரு. ஒரு வேலை செஞ்சிட்டு இருந்த தசைநார எடுத்து வேற வேலைக்கு திருப்பி விடுறது அது, ஆபரேஷன் மட்டும் பண்ணிட்டா கை தானா வேலை செய்யாது, அந்த சதைக்கு புது வேலைய பயிற்சி குடுத்து தான் பழக்கணும். அதே சிஎம்சில டாக்டரா இருந்த மேரி வர்கீஸ் 1954ல கார் விபத்துல இடுப்புக்கு கீழ செயல் இழந்தாங்க, அப்புறம் பிராண்ட் கிட்ட சேந்து சக்கர நாற்காலில உக்காந்துட்டே கை ஆபரேஷன் பண்ணாங்க, நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சிட்டு திரும்பி வந்து 1963ல சிஎம்சில அந்த துறைய கைல எடுத்தாங்க, 1966ல வேலூர் பாகாயத்துல மறுவாழ்வு நிலையம் வந்துச்சு. 1972ல பத்மஸ்ரீ. பாகாயம் பஸ்ல போகும்போதெல்லாம் எனக்கு அவங்க ஞாபகம் தான் வரும். கால் அசையாத ஒரு டாக்டர் மத்தவங்க கை கால அசைய வெக்க ஒரு இடத்தையே உண்டாக்கிட்டு போயிருக்காங்க, அந்த வேலைல ஒரு துளியாவது குடியாத்தம் சந்துல இருக்குற வீட்டு வரைக்கும் போய் சேரணும்னு எனக்கு ஆசை.

சரி மெஷினுக்கு வரேன். மனுஷ அசைவ படமா புடிச்சு அளக்குறது புதுசு இல்ல, 1880-கள்லயே பிரான்ஸ்ல எத்தியென் ழூல் மாரேன்னு ஒருத்தர், ஒரு ஆளுக்கு கருப்பு உடுப்பு போட்டு கை கால் மேல வெள்ள கோடு ஒட்டி கருப்பு சுவர் முன்னாடி நடக்க விட்டு ஒரே பிளேட்ல அடுத்தடுத்து படம் எடுத்தாரு, கோடு கோடா குச்சி மனுஷன் நடந்து போற மாதிரி விழுந்துச்சு. இன்னிக்கு போன் ஸ்கிரீன்ல நம்ம உடம்பு மேல வர்ற குச்சி மனுஷன் அதே தான். அப்புறம் உடம்புல பளபளன்னு சின்ன சின்ன உருண்டை ஒட்டி சுத்தி நெறைய இன்ஃப்ராரெட் கேமரா வெச்சு அளக்குற லேப் வந்துச்சு, இன்னிக்கும் துல்லியம்னா அது தான், ஆனா அது நம்ம வீட்டுக்கு வராது. 2010 நவம்பர்ல மைக்ரோசாப்ட் விளையாட்டுக்காக கினெக்ட்னு ஒரு கேமரா விட்டாங்க, ஆழத்தையும், அதாவது கேமரால இருந்து எவ்ளோ தூரத்துல இருக்குன்னும் அளந்து உடம்புல 20 மூட்டு எங்க இருக்குன்னு செகண்டுக்கு 30 தடவ சொல்லும், மறுவாழ்வு ஆராய்ச்சி பண்றவங்க எல்லாம் அத புடிச்சுக்கிட்டாங்க. 2017ல உற்பத்திய நிறுத்திட்டாங்க, அத நம்பி செஞ்ச வேலைங்க பாவம் அந்தரத்துல நின்னுச்சு. நல்ல வேளையா அதே சமயத்துல சாதா கேமரா படத்துல இருந்தே மூட்ட கண்டுபுடிக்குற மென்பொருள் வந்துடுச்சு, 2017ல கார்னகி மெலன் பல்கலைல இருந்து ஓபன்போஸ், 2020ல கூகுள் கிட்ட இருந்து பிளேஸ்போஸ். பிளேஸ்போஸ் உடம்பு மேல 33 இடத்துல புள்ளி வெச்சு குடுக்கும், இன்டர்நெட் இல்லாம போன்லயே ஓடும். எனக்கு இது போதும்னு இத தான் எடுத்துக்கிட்டேன்.

கணக்கு சின்னது தான். இடுப்பு, முட்டி, கணுக்கால், மூணு புள்ளி. முட்டில இருந்து இடுப்புக்கு ஒரு கோடு, கணுக்காலுக்கு ஒரு கோடு, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற கோணம், பிளஸ் டூ வெக்டார் கணக்கு. கோனியாமீட்டர் பண்றதும் அதே தான், ஒரே வித்தியாசம், பிசியோ எலும்ப தொட்டு பாத்து வெக்கிறாங்க, மெஷின் படத்த பாத்து ஊகிக்குது.

அந்த ஊகம் எங்க சறுக்கும்னு தான் நான் ரொம்ப நேரம் செலவு பண்ணேன். முக்கியமானது போன எங்க வெக்கிறோம்ங்கிறது. பாதி தொறந்த கதவ நேரா நின்னு பாத்தா கதவு அகலம் குறைஞ்சு தெரியுமே, அந்த மாதிரி தான் தொடையும். பெரிம்மா நாற்காலில உக்காந்து, தொடை தட்டையா இருக்கு, முட்டி 60 டிகிரி மடங்கி இருக்குன்னு வெச்சுக்கோங்க. கேமரா சரியா பக்கவாட்டுல இருந்தா 60ன்னே வரும். அதையே 45 டிகிரி முன்பக்கமா நகத்தி வெச்சா, தூரத்தால வர்ற மாற்றத்த விட்டுட்டு கணக்கு போட்டா, 68ன்னு வரும். 60 டிகிரி நகத்தினா 74. கால் ஒரு இஞ்ச் கூட அசையல, போன் இடம் மாறினதுக்கே 14 டிகிரி முன்னேற்றம்! முழுசா நேருக்கு நேரா வெச்சிட்டா தொடை ஒரு புள்ளியா சுருங்கி போய்டும், அப்ப வர்ற நம்பருக்கு அர்த்தமே கெடையாது. நேத்து டீவி ஸ்டாண்ட் மேல வெச்சாங்க, இன்னிக்கு ஜன்னல்ல வெச்சாங்கன்னா ஆப் சந்தோஷமா "சூப்பர், பத்து டிகிரி கூடியிருக்கு"ன்னு சொல்லும், நோயாளியும் நம்பிடுவாங்க. பிளேஸ்போஸ் ஆழத்தையும் சேத்து குடுக்குதேன்னு சிலர் கேக்கலாம், குடுக்குது, ஆனா ஒரே கேமராவ வெச்சு ஊகிச்ச ஆழம் அது, பக்கவாட்டு மேல்கீழ் அளவு அளவுக்கு நம்ப முடியாது.

இதுக்கு நான் புடிச்ச வழி எலும்ப நம்புறது. தொடை எலும்பு நீளம் மாறாது. ஆரம்பத்துல போன சரியா பக்கவாட்டுல வெச்சு படத்துல தொடை எவ்ளோ நீளமா தெரியுதுன்னு ஒரு தடவ குறிச்சு வெச்சுக்கணும், போனும் நாற்காலியும் அதே தூரத்துல இருக்கணும், அதுக்கு தரைல டேப் ஒட்டிட்டேன். அப்புறம் தொடை நீளம் குறைஞ்சு தெரிஞ்சா ஆள் திரும்பிட்டாங்க இல்ல போன் திரும்பிடுச்சு, 45 டிகிரி திரும்பினா மூணுல ஒரு பங்கு கிட்ட சுருங்கிடும். அப்ப நம்பர் சொல்லாத, திருத்தாத, "கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பி உக்காருங்க"ன்னு மட்டும் சொல்லு. ஒவ்வொரு புள்ளிக்கும் அது எவ்ளோ கண்ணுக்கு தெரியுதுன்னு பிளேஸ்போஸ் ஒரு மதிப்பு தரும், பூஜ்யத்துல இருந்து ஒண்ணுக்குள்ள, அதையும் பாக்கணும். கொறஞ்சா மௌனம்.

அடுத்தது துணி. இத வெளிநாட்டு ஆளுங்க யோசிச்சிருக்க மாட்டாங்க, அவங்க டெமோ வீடியோல எல்லாரும் இறுக்கமான பேன்ட் போட்டு முட்டி தெரிய நிக்குறாங்க. நம்ம வீட்ல பெரிம்மா நைட்டில இருக்காங்க. ஆம்பளைங்கன்னா கைலி, அதுவும் குடியாத்தம்னா கைலிக்கு பேர் போன ஊரு. நைட்டிக்குள்ள முட்டி எங்க இருக்குன்னு கேமராக்கு எப்படி தெரியும்? அது துணி மடிப்ப பாத்து ஒரு எடத்துல புள்ளி வெக்குது, கால் நீட்டும்போது நைட்டி கீழ தொங்குது, புள்ளியும் கூடவே கீழ எறங்குது. ஸ்கிரீன்ல அந்த புள்ளிய பாத்துட்டே உக்காந்திருந்தேன், கால் நீளுது, முட்டி புள்ளி மட்டும் துணியோட ஆடிட்டே இருக்கு. பெரிம்மாக்கு கோவம் வந்துடுச்சு, "இன்னாடா இது, நான் நல்லா தான நீட்டினு கீறேன், இது இன்னா நீட்டுல நீட்டுலன்னு சொல்லினு கீது?" நியாயமான கேள்வி. அண்ணனோட பழைய ட்ராக் பேன்ட்ட நைட்டிக்குள்ள போட்டுட்டு நைட்டிய தொடை வரைக்கும் மடிச்சு சொருகினதும் நல்லா பிடிச்சுது, ஆனா எல்லா வீட்லயும் எல்லா பொம்பளைங்களும் அப்படி பண்ணுவாங்கன்னு எதிர்பாக்க முடியாது, எதிர்பாக்கவும் கூடாது.

படுத்துட்டு பண்ற எக்சர்சைஸ்ல இன்னும் சிக்கல். குதிகால கட்டில் மேல தேச்சிட்டே முட்டிய மடக்குறது, கால நேரா வெச்சு தூக்குறது, முதல் வாரங்கள்ல இது தான் முக்கியம். பிளேஸ்போஸ் ஆள் எங்க இருக்காங்கன்னு தேடுறதே முகத்த வெச்சு தான், தலை தெரியணும். பத்துக்கு பத்து ரூம்ல கட்டில் போட்டா தலை முதல் கால் வரைக்கும் பக்கவாட்டுல தெரியற அளவுக்கு பின்னாடி போக எடம் ஏது, சுவர் இடிக்கும். தலகாணி முகத்த மறைக்கும், பின்னாடி டியூப் லைட் இருந்தா ஆளே கருப்பா தெரிவாங்க, நடுவுல பேரப்புள்ள குறுக்க ஓடினா குச்சி மனுஷன் பெரிம்மாவ விட்டுட்டு பையன் மேல தாவிடும். இதெல்லாம் சின்ன விஷயம்னு தோணும், ஆனா வீட்ல பண்றதுன்னா இது தான் வீடு.

அதனால படுத்து பண்றதுக்கு நான் கேமராவ விட்டுட்டேன். போனையே கால்ல கட்டிட்டேன். போனுக்குள்ள முடுக்கத்த அளக்குற சில்லு இருக்கு, கால் அசையாம நிக்கும்போது அதுக்கு புவியீர்ப்பு மட்டும் தான் தெரியும், அத வெச்சு போன் எவ்ளோ சாஞ்சிருக்குன்னு ஒரு டிகிரி ரெண்டு டிகிரிக்குள்ள சொல்லிடும். நாற்காலில தொடை தட்டையா இருக்கும்போது கெண்டைக்கால் பக்கத்துல போன ஒரு துண்டு வெச்சு கட்டினா, போன் சாய்வே முட்டி கோணம், துணி பிரச்சனை கெடையாது, லைட் பிரச்சனை கெடையாது, கேமராவே கெடையாது. ஆபரேஷன் தையல் மேல படாம கீழ கட்டணும், இறுக்கி கட்டக்கூடாது, இத பிசியோ கிட்ட கேட்டுட்டு தான் பண்ணேன். தொடையும் சேந்து அசையற எக்சர்சைஸ்னா ஒண்ணு பத்தாது, தொடைல ஒண்ணு கெண்டைக்கால்ல ஒண்ணு வேணும், ரெண்டோட வித்தியாசம் தான் முட்டி. வேகமா அசையும்போது புவியீர்ப்பு கணக்கு கொழம்பும், அதுக்கு சுழற்சிய அளக்குற ஜைரோ இருக்கு, அது ஒவ்வொரு நொடியும் சின்ன சின்ன பிழைய கூட்டிட்டே போகும், கொஞ்ச நேரத்துல கோணம் எங்கயோ நகந்து போய்டும், அதனால ஜைரோவ அந்தந்த நொடிக்கும் புவியீர்ப்ப நீண்ட நேரத்துக்கும் நம்பி ரெண்டையும் கலந்து எடுப்பாங்க. இடது வலது திரும்புறத திருத்த மட்டும் புவியீர்ப்பு உதவாது, திசைகாட்டி சில்லு வேணும், நம்ம வீட்ல இரும்பு கட்டிலும் இரும்பு பீரோவும் இருக்குறதால அது கன்னாபின்னான்னு காட்டும். முட்டிக்கு அந்த திசை அவ்ளோ தேவப்படல, அதனால நான் அத எடுத்துக்கவே இல்ல.

எண்ணுறத பத்தி கொஞ்சம். எல்லா ஆப்பும் எண்ணும், பத்து, இருபது, கை தட்டல். எண்ணுறது சுலபம், முட்டி கோணம் 80 டிகிரி தாண்டினா ஒண்ணு, திரும்ப 30க்கு கீழ வந்தா தான் அடுத்தது எண்ணனும், நடுவுல நடுங்கினா எண்ணாது. ஆனா நோயாளி பத்து எண்ணிக்கைய எப்படி வாங்குறாங்கன்னு பாருங்க. முன்தொடைக்கு பலம் பத்தலன்னா இடுப்ப தூக்கி கால வீசுவாங்க, உடம்ப பின்னாடி சாய்ப்பாங்க, கால் மேல வந்துடும், எண்ணிக்கையும் ஏறிடும், வேலை செய்ய வேண்டிய சதை மட்டும் சும்மா இருக்கும். பிசியோ மேடம் பக்கத்துல நின்னப்போ முட்டிய பாக்கவே இல்ல, பெரிம்மா தோளையும் இடுப்பையும் தான் பாத்துட்டு இருந்தாங்க, ஒரு விரல தோள் மேல வெச்சு "அம்மா, சாயாதீங்க, கொஞ்சமா தூக்குனா போதும்"னு சொன்னாங்க. அதுல இருந்து நானும் முட்டி கோணத்தோட தோள் இடுப்பு கோட்டையும் அளக்குறேன், உடம்பு சாஞ்சா அந்த எண்ணிக்கை எண்ணிக்கை இல்ல. கால எவ்ளோ மெதுவா எறக்குறாங்க, மேல எவ்ளோ நேரம் புடிச்சு நிறுத்துறாங்க, இதுவும் வேணும். டபக்குனு கால போட்டுட்டா சதைக்கு பாதி வேலை போச்சு.

எதோட ஒப்பிடறதுன்னு ஒரு பெரிய கேள்வி இருக்கு. 1970-கள்ல பேச்ச அடையாளம் காண வந்த ஒரு முறைய இதுக்கும் பயன்படுத்துறாங்க, ஒருத்தர் வேகமா பண்ணாலும் மெதுவா பண்ணாலும் நேரத்த இழுத்து சுருக்கி ரெண்டு அசைவ பக்கத்துல பக்கத்துல வெச்சு வித்தியாசம் பாக்குறது. முறை நல்லது. ஆனா பெரும்பாலும் ஒப்பிடறது ஆரோக்கியமான ஒரு இளவட்ட ஆள் பண்ணி காட்டின வீடியோவோட. அறுவது வயசு தாண்டி, ஒரு முட்டி மாத்தி, இன்னொரு முட்டி தேஞ்சு இருக்குற ஒரு பொம்பளைய அந்த இளவட்டத்தோட ஒப்பிட்டு மார்க் போட்டா தினமும் பெயில் தான். அது அநியாயம். பிசியோ கண் முன்னாடி, அவங்க சரின்னு சொன்ன அசைவ பதிவு பண்ணி வெச்சுக்கிட்டு, அதோட தான் ஒப்பிடணும், அதாவது அந்த நோயாளிய அவங்களோடயே. அடுத்த தடவ போகும்போது பிசியோ அத மாத்தி குடுக்கட்டும். எவ்ளோ தூரம் போகணும்னு முடிவு பண்றது பிசியோ, மெஷின் இல்ல.

பேசறதுக்கும் ஒரு அளவு வேணும். ஒரு தடவைக்கு ஒரு திருத்தம், அதுக்கு மேல சொன்னா வயசானவங்க கொழம்பி நிறுத்திடுவாங்க. புள்ளிங்க நடுங்குறத மென்மையாக்க சராசரி எடுத்தா நம்பர் கொஞ்சம் தாமதமா வரும், அதனால கால் எறங்கிட்டு இருக்கும்போது "இன்னும் தூக்கு"ன்னு குரல் வரும், அது ஆபத்து, அதனால அசைவு நடக்கும்போது பேசாம முடிஞ்சதும் சொல்ற மாதிரி வெச்சிட்டேன். குரல் எங்க அண்ணி குரல், "பெரிம்மா"ன்றதுக்கு பதிலா "அத்தை"ன்னு வரும், பெரிம்மா அதுக்கு நல்லா பதில் சொல்றாங்க. வேலூர், ஆம்பூர் பக்கம் உருது பேசற வீடுங்க எவ்ளோ, ஆந்திரா எல்லைய ஒட்டி தெலுங்கு பேசற வீடுங்க எவ்ளோ, அவங்களுக்கும் வீட்டுக்காரங்க குரல்லயே பதிவு பண்ண முடியணும்.

இப்ப மெஷினால அளக்கவே முடியாதது. வலி. வீக்கம். சூடு. பிசியோ வந்தா முதல்ல புறங்கைய முட்டி மேல வெச்சு பாப்பாங்க, சூடா இருந்தா அன்னிக்கு எக்சர்சைஸ கொறைப்பாங்க, ஐஸ் வெக்க சொல்லுவாங்க. கேமராக்கு அது தெரியாது. அதனால ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே கேக்கணும், வலி பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள எவ்ளோ, நேத்தைய விட வீக்கம் கூடியிருக்கா. பதில் மோசமா இருந்தா அன்னிக்கு ஆப் தொறக்கவே கூடாது, போன் பண்ணுங்கன்னு சொல்லணும். கெண்டைக்கால்ல புதுசா வலி, வீக்கம், சிவப்பு வந்தா ரத்தக்கட்டியா இருக்கலாம், மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலிச்சாலோ எக்சர்சைஸும் வேணாம் ஆப்பும் வேணாம், ஒடனே ஆஸ்பத்திரி. தையல்ல இருந்து நீர் கசிஞ்சா, காய்ச்சல் வந்தா, அதுவும் அப்படித்தான். இத நான் ஆப்போட முதல் பக்கத்துலயே பெரிய எழுத்துல போட்டிருக்கேன், யாரும் தாண்டி போக முடியாத மாதிரி.

இன்னொண்ணு, வீடியோ. பெரிம்மா முதல் நாளே கேட்டாங்க, "இத வேற யார்னா பாப்பாங்களாடா?" நைட்டிய மடிச்சு சொருகிட்டு காலு தெரிய உக்காந்திருக்குற ஒரு பொம்பளையோட வீடியோ எந்த சர்வருக்கும் போகக்கூடாது, எந்த கம்பெனிக்கும் அத கேக்க உரிமை இல்ல. படம் போன்லயே புள்ளியா மாறி அந்த நொடியே அழிஞ்சிடணும், வெச்சுக்கிறது புள்ளியும் கோணமும் மட்டும். அது முடியற காலத்துல தான் நாம இருக்கோம், அப்படி இருக்க வீடியோவ மேல அனுப்புற ஆப்ப நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். "யாரும் பாக்க மாட்டாங்க பெரிம்மா, நான் கூட பாக்க முடியாது"ன்னு சொன்னப்புறம் தான் அவங்க காலையே தூக்கினாங்க.

பிசியோ மேடம் கிட்ட முதல்ல நான் கிராப் கிராபா காட்டினேன், அவங்க பொறுமையா பாத்துட்டு சொன்னது, எனக்கு இவ்ளோ வேணாம், வெளிய இருபது பேர் உக்காந்திருக்காங்க, ஒரு வரில குடுங்கன்னு. எத்தன நாள் பண்ணாங்க, தானா எவ்ளோ மடக்குறாங்க, தானா நீட்டும்போது எவ்ளோ பாக்கி இருக்கு, வலி எவ்ளோ. இந்த நாலும் போதும். அதுலயும் நீட்டுறதுல பாக்கி எவ்ளோங்கிற நம்பர் தான் அவங்களுக்கு முதல்ல வேணுமாம், அது தான் மெஷினுக்கு கஷ்டமும் கூட, ஏன்னா அஞ்சு டிகிரி பாக்கிய சொல்ல அஞ்சு டிகிரிய விட கம்மியான பிழை இருக்கணும். கேமரால அது எனக்கு வரல, கால்ல கட்டின போன்ல கிட்டத்தட்ட வருது. பெரிம்மா கட்டில்ல கால நீட்டி வெச்சு, முட்டிக்கு கீழ உருட்டின துண்ட வெச்சு, குதிகால மட்டும் தூக்கி அஞ்சு எண்ணுற வரைக்கும் புடிக்கிறாங்க, அந்த அஞ்சு எண்ணிக்கைல மட்டும் சாய்வ எடுத்து சராசரி போடுறேன், தொடையோட சாய்வ முன்னாடியே போன வெச்சு அளந்து கழிச்சிடறேன்.

குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்ட பக்கம் பிசியோவா இருக்கவங்க யாராவது இத படிச்சா, உங்க நோயாளிங்க வீட்ல இருந்து உங்களுக்கு வர்ற அந்த ஒரு வரில என்னென்ன இருக்கணும்னு எனக்கு எழுதுங்க. தோள்பட்டைக்கும் பக்கவாதம் வந்த கைக்கும் என்ன அளக்கணும்னு எனக்கு தெரிஞ்சாகணும், அடுத்து அத தான் எடுத்திருக்கேன், தெருல ரெண்டு வீட்ல கேட்டுட்டு இருக்காங்க.